சாந்தாவுக்கு எந்த அட்டையை எடுத்துக் கொடுப்பது?

தூக்க மாத்திரை மலிவாகக் கிடைக்க வேண்டுமா, கூடாதா?

சில வருடங்கள் மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றவள் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. காய்ச்சல் மாத்திரையைப் பற்றிக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், மலிவாக எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் குழந்தைகளின் பூச்சி மருந்துக்கும் அதே பதில்தான். இந்த ஒன்றில் மட்டும் வாய் அடைத்துப்போகிறது.

நீங்கள் புதிதாகக் கவுண்டருக்கு வந்திருக்கிறீர்கள். டாக்டர் கையெழுத்தைப் படிப்பது, காலாவதித் தேதி பார்ப்பது, அலமாரியில் எது எங்கே என்பதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. டிப்ளமா வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித் தராத ஒரு சங்கடத்தை மட்டும் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்குக் கைக்குழந்தை. எதற்கெடுத்தாலும் பயந்தேன். இதில் பாதி என் சுபாவமாகக் கூட இருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் கடை புதுச்சேரியில் மில்லுக்குப் போகிற சாலையில் இருந்தது. மில் சங்கு ஊதினால் அலமாரிக் கண்ணாடி அதிரும். கல்லாப்பெட்டிக்கு மேலே என் பார்மசிஸ்ட் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. குழந்தை பிறந்த பிறகு அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும்: யாருக்காவது ஏதாவது ஆனால் முதலில் படிக்கப்படும் பெயர் இதுதான். ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எடுக்கும்போது ஒருமுறை, கவரில் போடும்போது ஒருமுறை, கொடுக்கும்போது ஒருமுறை படிப்பேன். ஆள் படியிறங்கிப் போன பிறகு, சரியாகத்தான் கொடுத்தோமா என்று மனசுக்குள் மறுபடி படிப்பேன்.

சாந்தா உழவர்கரைப் பக்கத்துக்காரி. கட்டட வேலையில் சித்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் கணவர் மாணிக்கம் மில்லில் நூற்பு இயந்திரத்தில் வேலை பார்த்தார். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இரவு வேலை முடித்துக் காலையில் வந்தால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தெருச் சத்தத்தில், வெயிலில் தூங்க வேண்டும். தூக்கம் வராது. ஒருநாள் இயந்திரத்துக்கு முன்னால் நின்றபடியே கண் அசந்து, சட்டைக் கை உள்ளே போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் இழுத்ததால் கை தப்பியது. அதற்குப் பிறகுதான் தூக்க மாத்திரை.

முதலில் பார்த்த டாக்டர் ஒரு கம்பெனியின் மாத்திரையைப் பெயர் சொல்லி எழுதியிருந்தார். விலை அதிகம். அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லி, சாந்தா வேறொரு டாக்டரிடம் போனாள். பிரெஞ்சுக் காலத்தில் படித்த முதியவர். ஊரில் அவரை ‘முசியே டாக்டர்’ என்பார்கள். அவர் கம்பெனிப் பெயர் எழுதமாட்டார், மருந்தின் பெயரை மட்டும் எழுதுவார். அப்படி எழுதினால் ஏழைகளுக்கு விலை குறையும் என்பது அவர் நம்பிக்கை.

அந்தச் சீட்டோடு சாந்தா வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய கம்பெனிப் பெயர் இல்லாத அட்டை ஒன்றை எடுத்து வைத்து விலையைச் சொன்னேன். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது? பேரு போச்சு, வெலை போவலியே?”

“அட்டையிலயே அப்படித்தான் போட்டிருக்கு.”

“அட்டைக்கு வாயா இருக்குது? நீ சொல்லு. ஒங்களுக்கு எவ்ளோக்கு வந்துச்சு?”

கல்லாவில் இருந்த முதலாளிதான் குரல் கொடுத்தார். “ஏம்மா, மீன்காரிகிட்டப் போயி ஒனக்கு எவ்ளோக்கு வந்துச்சுன்னு கேப்பியா?”

“ஏன் கேக்க மாட்டேன்? கேட்டுட்டுத்தான் வாங்குவேன். நாறிப்போயிருந்தா மூஞ்சியிலயே வீசிட்டு வருவேன். ஒங்க மாத்திரைய மோந்து பாக்க முடியுமா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவள் பாதி அட்டையை மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டு போனாள். விலை குறையவில்லை.

கூட்டம் குறைந்ததும் முதலாளி என்னைப் பார்த்தார். “மொகத்தைத் தொங்கப் போடாத. கேட்டுக்க. டாக்டரு கம்பெனி பேரை எழுதிட்டா நாம அதைத்தான் குடுக்கணும். அதனால கம்பெனிக்காரன் பையைத் தூக்கிக்கிட்டு டாக்டரைப் பாக்கப் போறான். பேரு எழுதாம வுட்டா, எதை எடுத்துக் குடுக்குறதுன்னு யாரு முடிவு பண்றது? நாமதான? அப்ப அவன் நம்மகிட்ட வர்றான். எனக்குக் கொறைச்சலா போட்டுக் குடுத்துட்டு, அட்டையில மட்டும் பெரிசா அச்சடிச்சித் தர்றான். நடுவுல நிக்கிறது எனக்கு. எதுல நெறைய நிக்குதோ அதைத்தான நான் வாங்கி வெப்பேன்?”

“வாங்குறவங்களுக்கு, சார்?”

“அவங்களை யாரும்மா கேட்டா?”

மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். கொடுமைக்காரர் இல்லை அவர். கடன் சொல்லி மருந்து வாங்கிப் போன எத்தனையோ பேரிடம் திருப்பிக் கேட்காதவர். வியாபாரம் அப்படித்தான் நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் நல்ல எண்ணத்தோடு பெயரை விட்டுவிடுகிறார். அவர் விட்ட தேர்வு நோயாளியின் கைக்குப் போவதில்லை, கடைக்கு வருகிறது. கடை தனக்கு லாபமான அட்டையை எடுக்கிறது. பெயரில்லாத மாத்திரை என்றால் மலிவு என்று வெளியே நினைக்கிறார்கள். கடைக்கு மலிவுதான். கவுண்டரின் அந்தப் பக்கம் போகும்போது அது மலிவாகவே போக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

தூக்க மாத்திரைக்கு இன்னொரு செலவும் உண்டு. ஒருமுறை கொடுத்ததும் சீட்டில் கடை முத்திரை வைத்துவிடுவோம். அதே சீட்டுக்கு மறுபடி தரக் கூடாது. தரக் கூடாது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் சாந்தாவுக்கு அது ஒவ்வொரு முறையும் டாக்டர் பீஸ், பஸ், அரைநாள் கூலி. பெரியாஸ்பத்திரியில் இலவசமாகப் பார்ப்பார்கள், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். சித்தாளுக்கு ஆள் எடுப்பதும் அதே காலையில்தான்.

“மாத்திரைக்கு ஒரு பங்குன்னா பேப்பருக்கு ரெண்டு பங்கு ஆவுது” என்றாள் ஒருமுறை. நான் முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். “அதுல இன்னா குத்துற? என் வவுத்துலயா?”

சில மாதங்கள் போயின. அவள் சம்பளம் போட்ட கையோடு வருவதையும், மாதக் கடைசியில் எட்டிப் பார்க்காததையும் கவனித்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“தினமும் குடுக்குறீங்களா அவருக்கு?”

“தெனமும் எங்க? ஒருநாள் வுட்டு ஒருநாள். சம்பளத்துக்கு முந்துன வாரம் அதுவும் கெடையாது.”

பழகிப்போன உடம்புக்கு அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போன தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பி வரும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அந்த நடுங்குகிற கையோடுதான் மாணிக்கம் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறார். சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“செரி. அப்ப அந்த ஒரு வாரத்துக்கு நீ குடு.”

நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“பாத்தியா” என்றாள் கோபமில்லாமல். “மாத்திரை இல்லாத நாள்ல அது சாராயத்தைக் குடிச்சிட்டுப் படுத்துக்குது. அதுக்கு டாக்டரு சீட்டு வேணாம். வரிசையில நிக்க வேணாம். மில்லு தாண்டினா கடை. ஒன் மாத்திரையவிடக் கொறைச்சல்தான்.”

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு இருந்த வருடங்களிலும் எங்கள் ஊரில் சாராயக்கடை காலையிலேயே திறந்திருக்கும். அதன் பக்கத்தில் வைத்துத் தூக்க மாத்திரையின் விலையை நான் அதுவரை யோசித்ததில்லை. மாத்திரையில் லாபம் நிறைய நின்றால் அந்தச் சுமை எங்கே போய் இறங்குகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டும் ஒரே நாளில் ஒரே வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, யாருக்கும் தெரியாமல் நின்றுவிடக்கூடும்.

“குடிச்ச நாள்ல மாத்திரை குடுக்காதீங்க. கொஞ்சம் குடிச்சிருந்தாலும் வேணாம். வாடை வந்தா வேணாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, மாணிக்கம் எழுத்துக் கூட்டிப் படிப்பார் என்றாள். மாத்திரைக் கவரில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: ‘சாராயம் குடித்த நாளில் சாப்பிடக் கூடாது.’

முதலாளி எட்டிப் பார்த்தார். “கடைக் கவர்ல சாராயம்னு எழுதுற. இனிமே பாட்டில் வேணும்னு வந்து நிப்பானுங்க, நீயே பதில் சொல்லு.”

அன்று இரவு என் மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு நான் நினைத்தது மாணிக்கத்தைப் பற்றித்தான். சொல்லியாகிவிட்டது, எழுதியாகிவிட்டது, அதற்கு மேல் ஒரு பார்மசிஸ்டுக்கு என்ன வேலை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எழுந்து போய்க் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கியது. படுத்தேன். மறுபடி எழுந்தேன்.

அது நடந்தது ஒரு பிற்பகலில். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். மனசெல்லாம் அங்கேதான் இருந்தது. சாந்தா வேகமாகப் படியேறி வந்தாள். காலில் சிமெண்ட் காய்ந்திருந்தது. வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்குப் போய், வீட்டிலிருந்து கடைக்கு ஓடி வந்திருக்கிறாள்.

“எழுப்புறதுக்கு ஒரு மாத்திரை குடும்மா.”

எனக்குப் புரியவில்லை.

“தூங்குறதுக்கு இருக்குதுல்ல, எழுப்புறதுக்கும் இருக்கும்ல? சீக்கிரம் குடு. மூணு மணி சங்குக்கு உள்ள போவணும். வேற ஆள் வரலைன்னு அதை வரச் சொல்லியிருக்காங்க. போவலைன்னா பேரை அடிச்சிடுவான்.”

“எப்ப மாத்திரை சாப்பிட்டாரு?”

“காலையில. ஒரு வாரமா தூக்கமே இல்லை அதுக்கு. நேத்துதான் டாக்டரைப் பாத்து மாத்திரை வாங்கியாந்தேன். ஒண்ணு குடுத்துட்டு வேலைக்குப் போனேன். பத்தலன்னு அதுவா எடுத்துப் போட்டுக்கிச்சு போல. கவர்ல கொறையுது.”

“குடிச்சிருந்தாரா?”

அவள் சாலையைப் பார்த்தாள். “வாடை வந்துச்சு. கொஞ்சந்தான்னு சொன்னிச்சு.”

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“மாட்டேன்.” அதுவரை ஓடி வந்த மூச்சில் பேசியவள் குரலை இறக்கினாள். “தூக்க மாத்திரைன்னு சொன்னா போலீசைக் கூப்புடுவாங்க. சாவப் பாத்தான்னு எழுதுவாங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. மில்லுல தெரிஞ்சா உள்ள வுடுவானா? அது நல்லாத்தான் தூங்குது. கொறட்டை வுடுது. நீ மாத்திரை மட்டும் குடு.”

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்தார். “நீ உள்ள போ. தண்ணியைத் தெளிச்சி மோர் குடுக்கச் சொல்லு, எழுந்திருப்பான். நம்ம கடைச் சரக்கு அது. மேல தொங்குறது யாரு பேரு?” அவர் குரலும் சரியாக இல்லை. அவரும் பயந்திருந்தார் என்று இப்போது தெரிகிறது.

ஒரு நிமிடம்கூட நான் யோசித்திருக்க மாட்டேன். அது நீண்டுகொண்டே போனதாகத்தான் நினைவு. நான் நினைப்பது தவறாக இருந்து, அவர் வெறும் குடிமயக்கத்தில் தூங்குகிறார் என்றால்? என் பயத்தால் ஒரு குடும்பத்தைப் போலீசிடம் கொண்டுபோய் நிறுத்தி, வேலையைக் கெடுத்தவள் ஆவேன். நான் நினைப்பது சரியாக இருந்து மோர் கொடுக்கச் சொல்லி அனுப்பினால்? மயங்கிக் கிடக்கிறவரின் வாயில் ஊற்றும் மோர் எங்கே போகும்? எனக்கு எப்போதுமே எதிலும் நிச்சயம் கிடையாது. அன்றும் இல்லை. அதனால் நிச்சயமாகத் தெரியக்கூடிய ஒன்றைக் கேட்டேன்.

“கொறட்டை எப்பவும் போலவா, வேற மாதிரியா?”

“எப்பவும் வுடாது அது. இது வேற மாதிரி. நின்னு நின்னு வருது.”

“கிள்ளிப் பாத்தீங்களா?”

“கிள்ளினேன்.”

“கையை இழுத்துக்கிட்டாரா?”

அப்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. உதடு கோணியது. “இழுத்துக்கல” என்றாள்.

நான் கவுண்டர் கதவைத் தூக்கிவிட்டு வெளியே வந்தேன். முதலாளி தடுக்கவில்லை. கல்லாவைத் திறந்து கையில் வந்ததை எடுத்து என் கையில் திணித்தார். “மாத்திரைக் கவரை மறக்காம எடுத்துக்க. இன்னா போட்டான்னு டாக்டரு கேப்பாரு.”

தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். எந்த மாத்திரை, எத்தனை, யார் எழுதியது என்பதெல்லாம் பிறகு. மூச்சு எப்படி வருகிறது, வலித்தால் அசைகிறாரா என்பது முதலில். போலீஸ் பயமும் வேலை பயமும் நமக்கு முன்னால் வந்து நிற்கும். அவற்றோடு வாதாட நேரம் இருக்காது.

அவள் வீட்டுக்கு ஓடி, அக்கம்பக்கத்தாரோடு அவரைத் தெருமுனைக்குத் தூக்கி வந்தோம். ஆள் ஏற்றிக்கொண்டு வந்த டெம்போவைக் கையைக் காட்டி நிறுத்தினேன். உள்ளே இருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள்.

“காலையிலேயே ஊத்திக்கிட்டா இப்படித்தான். தெளிஞ்சதும் நடந்து வருவான், வுடும்மா.”

“இவரு தெளிய மாட்டாரு” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு உரக்க வந்தது. “எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க.”

இறங்கினார்கள். முகம் சுளித்தவர்தான் கால்மாட்டைப் பிடித்து ஏற்றினார். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாக்கு அடைக்காமல் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாதி வழியில் மில் சங்கு ஊதியது. சாந்தா அது முடிகிற வரைக்கும் கேட்டுவிட்டு, “போச்சு” என்றாள். சங்கைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சு வருமா என்று என் கை காத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கவரை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். “தற்கொலையா?”

“இல்லை டாக்டர். இவரு தூங்கணும்னுதான் பாத்தாரு.”

மருந்து, அளவு, சாராயம், நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ்காரர் வந்தார், சாந்தா சொன்னதை எழுதிக்கொண்டார், போனார். நாங்கள் நினைத்துப் பயந்த அளவுக்கு எதுவும் ஆகவில்லை. மறுநாள் மாணிக்கம் கண் திறந்தார். மில்லில் கொஞ்ச நாள் வேலை தராமல் வீட்டில் உட்கார வைத்தார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

அன்று நான் வீட்டுக்குப் போனபோது குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ஆஸ்பத்திரியில், மாத்திரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அளவைப் படிப்படியாகக் குறையுங்கள் என்றார்கள். சரியான யோசனை. ஆனால் சின்ன அளவு மாத்திரை விலையிலும் சின்னதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியதற்கும் சின்னதற்கும் அட்டையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு படி இறங்கவும் புதுச் சீட்டு வேண்டும். ஆரம்பிப்பதற்கு ஆன செலவு நிறுத்துவதற்கும் ஆனது. நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

“சார், அவங்களுக்கு மட்டும் வந்த வெலைக்கே குடுத்துடலாமே.”

“ஒரு ஆளுக்குக் கொறைச்சா தெருவுக்கே கொறைக்கணும்மா.”

“ஒரு ஆளுக்குத்தான், சார். நிறுத்துற வரைக்கும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். டெம்போ பிடித்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் அதிகம் வாதாடுவதில்லை. “ஒன் இஷ்டம். ஆனா பாரு, நான் சொன்னது நடக்குதா இல்லையான்னு.”

மாணிக்கம் சில மாதங்களில் மாத்திரையை விட்டார். ஒருநாள் அவரே கடைக்கு வந்து, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, “இப்பல்லாம் கண்ணுல ஈரத்துணி கட்டிக்கிட்டுப் படுக்குறேம்மா. கொஞ்ச நேரமாவது வருது” என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது.

அதற்குள் முதலாளி சொன்னதும் நடந்திருந்தது. “சாந்தாவுக்குக் குடுக்குறியே, அந்தக் கொறைஞ்ச வெலை மாத்திரை” என்று கேட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லோர் கையிலும் முறையான சீட்டு இருந்தது. ஒருத்திக்கு இரவு ஷிப்ட் கணவர். இன்னொருத்திக்கு மாமியார், “ராத்திரி பூரா பொலம்புது, எனக்கே பைத்தியம் புடிக்குது” என்றாள். அச்சடித்த விலை சொன்னால், “அவளுக்கு மட்டும் இன்னா, நாங்க காசு குடுக்கலியா?” என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். குறைத்துக் கொடுத்தேன். பெட்டி சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. முன்பு விலையைக் கேட்டுவிட்டு ‘வேணாம், ரெண்டு நாள் பாத்துக்கலாம்’ என்று திரும்பிப் போனவர்கள், மாத்திரை இல்லாமலே தூங்கிப் பழகியிருப்பார்களோ? நான் குறைத்ததால் ஆரம்பித்துவிட்டார்களோ? அதிக விலை மாணிக்கத்தைச் சாராயக்கடைக்கு அனுப்பியது. அதே அதிக விலை எத்தனை பேரை இந்த மாத்திரையின் பக்கம் வராமல் நிறுத்தி வைத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அதை எண்ணிப் பார்க்க வழியே கிடையாது.

இரண்டாவது பிரசவத்துக்காக வேலையை விடுவதற்குச் சில நாள் முன்பு சாந்தா வந்தாள். வேலைக்குப் போகிற புடவையில் இல்லை. சீட்டை நீட்டினாள். முசியே டாக்டரின் கையெழுத்து, மருந்தின் பெயர் மட்டும்.

“மறுபடியும் அவருக்கா?”

“இல்ல, எனக்குத்தான்.” சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “அது படுத்தவொடனே மூக்குகிட்ட கையை வெச்சிப் பாக்குறேன். மூச்சு வருதான்னு. வந்தா எடுத்துடுறேன். ஒடனே வருதோ இல்லையோன்னு மறுபடியும் வெக்கிறேன். பழகிப்போச்சு. இப்ப அது நல்லா தூங்குது. நான்தான் தூங்கல. சாரத்துல நின்னா தலை சுத்துது.”

சீட்டைக் கவுண்டரில் விரித்து மறுபடி படித்தேன்.

“அந்தக் கொறைஞ்ச வெலை மாத்திரையே குடும்மா. ஒனக்குத் தெரியாததா?”

என் முன்னால் இரண்டு அட்டைகள் இருந்தன. கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால் நாள் விட்டு நாள் சாப்பிட்டு, மாதக் கடைசியில் நிறுத்தி, தலைசுற்றலோடு சாரத்தில் ஏறுவாள். மற்றதைக் குறைத்துக் கொடுத்தால் தினமும் சாப்பிடுவாள், பிறகு அது இல்லாமல் தூங்கமாட்டாள். ‘சரக்கு இல்லை’ என்றால் அடுத்த கடைக்குப் போவாள். அங்கே இருப்பவருக்கு இவள் கதை தெரியாது. சீட்டு முறையாக இருந்தது. நான் ஒளிந்துகொள்ளச் சட்டத்தில்கூட இடமில்லை.

எழுதியிருந்ததில் கொஞ்சம் மட்டும் வெட்டி, குறைந்த விலைக்கே கொடுத்து, “தீந்ததும் என்னையே வந்து பாருங்க, டாக்டர்கிட்டயும் தூங்காத காரணத்தைச் சொல்லுங்க” என்றேன். ஒருமுறை வந்தாள். பிறகு நான் வேலையை விட்டுவிட்டேன்.

என் மூத்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இரவில் அவள் மூக்கருகில் நான் இன்னும் கை வைத்துப் பார்க்கிறேன். “கொழந்தை தூங்குது, நீ எப்ப தூங்கப் போற?” என்று என் கணவர் கேட்பார். இரண்டொரு முறை அந்த மாத்திரையை நானும் நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி.

போன மாதம் கடைத்தெருவில் பழைய முதலாளியைப் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, சாந்தா இன்னும் வருகிறாளா என்று கேட்டேன்.

“வர்றா, வர்றா. சம்பளம் வாங்கினா வர்றா. புதுசா ஒரு பொண்ணு நிக்குது கவுண்டர்ல. அதுகிட்ட வாங்கிட்டுப் போறா.”

அந்தப் பெண் இதைப் படிக்கிறவர்களில் ஒருவராக இருக்கலாம். வேறு கடையில் நிற்கிறவர்களிடமும் ஒரு சாந்தா வருவாள். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, ஒனக்குத் தெரியாததா என்று கேட்பாள். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எந்த அட்டையை எடுப்பீர்கள், என்ன விலை சொல்வீர்கள், கொடுக்கும்போது அவளிடம் என்ன பேசுவீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். நானும் போய் அவளைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்வது என்று தெரிந்த பிறகு போகலாம் என்றுதான் இத்தனை நாள் போகாமல் இருக்கிறேன்.